சூரியகாந்தி தூரோடு ஒடிவது கூன்வண்டாலா?

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் மானாவாரியில் ஐப்பசியில் விதைத்த சூரியகாந்தி. பூ முடிந்து மணி பிடிக்கிற நேரத்தில் அங்கங்கே செடி வாடி, காற்றடித்தால் தூரோடு ஒடிந்து விழுகிறது. யூடியூபில் அமெரிக்க விவசாயி ஒருவர் தண்டைப் பிளந்து புழுவைக் காட்டி, கூன்வண்டு என்றார். பூச்சிமருந்துக் கடையில் குருணை மருந்து (மண்ணில் போடும் பூச்சிக்கொல்லி) போடச் சொல்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: குருணை வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் அரிவாளோடு காட்டுக்குப் போய், வாடிய செடி நாலைந்தை வேரோடு பிடுங்கி, தூரிலிருந்து ஒரு முழத்துக்கு நெடுக்காகப் பிளந்து பாருங்கள்.

உள்ளே பஞ்சு போன்ற நெட்டி நார்நாராகப் பிரிந்து, மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தால் அது பூச்சி வேலையே இல்லை, பூசணம். வேரழுகல் நோய். வெளியே தூர் சாம்பலாக வெளுத்திருக்கும். மழை ஓய்ந்து, ஈரம் வற்றி, வெயில் ஏறும்போது மணி பிடிக்கிற செடியைத்தான் இது தேடிப் பிடிக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். குருணை இதை ஒன்றும் செய்யாது.

வீடியோவில் வந்ததும் பொய்யில்லை. அது வட அமெரிக்கப் பூச்சி. சூரியகாந்திக்கும் பூர்வீகம் அங்கேதான். கான்சாஸ், கொலராடோ, டகோட்டா பக்கம் ஜூனில் வெளிவரும் வண்டு 4, 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். சாம்பல் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஆள் அசைவு தெரிந்தால் தண்டின் மறுபக்கம் ஒளியும், இல்லாவிட்டால் பொத்தென்று கீழே விழுந்துவிடும். அடித்தண்டில் முட்டையிடும். காலில்லாத வெள்ளைப் புழு உள்ளேயே தின்று, ஆகஸ்ட் கடைசியில் தூருக்கு இறங்கி, குளிர்காலத்தைக் கழிக்கத் தனித்தனி அறை குடைந்துகொள்ளும். ஒரே தண்டில் 25, 30 புழு சேர்ந்தால்தான் செடி ஒடியும். ஒன்றிரண்டு இருந்தால் மகசூலுக்குப் பெரிய சேதமில்லை. நம்மூர் சூரியகாந்தியில் இந்த வண்டு கிடையாது. இங்கே தண்டு குடையும் கூன்வண்டுகள் பருத்தியிலும் தண்டுக்கீரையிலும் உண்டு. அவை வேறு இனம்.

ஒடிந்த செடிக்கு வைத்தியம் இல்லை. கிணறோ பண்ணைக்குட்டையோ இருந்தால் இப்போதே ஒரு தண்ணீர் கட்டுங்கள். மீதிச் செடி தப்பும். நோய் கண்ட இடத்தில் மட்டும் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லி கலந்து தூர் நனைய ஊற்றலாம். காடு முழுக்க ஊற்றினால் செலவுதான் மிஞ்சும். பின்தங்கிய செடிகள் பூத்திருந்தால் பூச்சிமருந்து எதையும் அடிக்காதீர்கள். தேனீ வராவிட்டால் மணி பதராகும்.

நோய் தாக்கிய தட்டையை மடக்கி உழாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள். அடுத்த போகத்துக்கு விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) கலந்து விதையுங்கள். அடியுரத்தோடு அதிலேயே ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூவுங்கள். பயிரை மாற்றுவதாக நினைத்து உளுந்து, பாசிப்பயறு, எள் போட்டுவிடாதீர்கள். அதே பூசணம் அவற்றையும் பிடிக்கும். குதிரைவாலி போட்டுப் பாருங்கள்.

பிளந்த தண்டில் மண் ஏறியிருந்தால் கறையான். அதற்கு வழி வேறு. நிஜமாகவே புழு இருந்தால் தண்டோடு காகிதத்தில் சுற்றி (பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்) கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்களுக்குப் பக்கம்தான்.