காதுக்குக் கீழே கட்டி: வலி இல்லையென்றால் விட்டுவிடலாமா?

அம்மாவுக்குக் காதுக்குக் கீழே உள்ள கட்டி ஊசிப் பரிசோதனையில் 'பிளியோமார்ஃபிக் அடினோமா' என்று வந்திருக்கிறது, வலியே இல்லை, அப்புறம் ஆபரேஷன் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சரி, இது புற்றுநோய் இல்லை. பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் அதிகம் வருவதே இந்த வகைதான். ஆனால் மாத்திரையில் கரையாது. மெதுவாக வளரும், பல வருடம் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறவும் செய்யும்.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதன் உறை மெல்லியது. கிழிந்து செல்கள் சிதறினால் பல வருடம் கழித்துக்கூடச் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரும்ப வரும். மறு ஆபரேஷன் இன்னும் சிக்கல். சுற்றியுள்ள சுரப்பித் திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

வாய் கோணிவிடுமோ என்ற பயம் நியாயமானது, முகநரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது. தற்காலிகத் தளர்ச்சி பலருக்கு வரும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது அரிது. காது மடல் மரத்துப்போகலாம், சாப்பிடும்போது கன்னம் வியர்க்கலாம். பரோடிட் ஆபரேஷன் அடிக்கடி செய்கிற சர்ஜனாகப் பாருங்கள். முகம் இப்போதே ஒரு பக்கம் இழுத்தாலோ கட்டி திடீரென்று பெருத்தாலோ, ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.