‘ஃபைட் கிளப்’ வசனம் ஜிம்முக்குள் எப்படி நுழைந்தது?

‘ஃபைட் கிளப்பைப் பற்றி வெளியே பேசக் கூடாது’ என்ற விதி ரகசியமாகக் கூடிச் சண்டை போடும் ஆண்களைப் பற்றிய சக் பாலனியக்கின் 1996 நாவலில் வருவது. 1999-இல் டேவிட் ஃபிஞ்சர் அதைப் படமாக்கினார். தியேட்டரில் படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. டிவிடி வந்த பிறகுதான் வெறித்தனமான ரசிகர்கள் சேர்ந்தார்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கு வசனம் தானாக மனப்பாடமாகிவிடும்.

அதைவிட முக்கியம், வசனத்தின் அமைப்பு. முதல் விதி பேசாதே, இரண்டாவது விதியும் அதேதான். பெயரை மட்டும் மாற்றினால் எதற்கும் பொருந்தும். தடை போட்டாலே பேசத் தோன்றும், இல்லையா? கிராஸ்ஃபிட் என்ற கடுமையான உடற்பயிற்சி முறையைப் பின்பற்றுகிறவர்கள் வாயைத் திறந்தால் தங்கள் பயிற்சியைத்தான் பேசுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. அதனால் வசனம் அங்கே தலைகீழானது: ‘கிராஸ்ஃபிட்டின் முதல் விதி, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இரு.’ கிண்டலாகத் தொடங்கியதை அவர்களே டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் படத்தில் நடித்த பிராட் பிட்டின் உடம்பு. கொழுப்பில்லாத அந்த உடல்வாகுதான் பலருக்கும் இலக்கு. ஆனால் அதே படத்தில், பேருந்தில் இருக்கும் உள்ளாடை விளம்பரத்தின் கட்டுடலைப் பார்த்து நாயகர்கள் நக்கலடிக்கிறார்கள். ஜிம் ரசிகர்கள் அந்தக் காட்சியை அதிகம் பகிர்வதில்லை என்பது என் கணிப்பு.