ஐசக் பாரே பேசியது கொள்கைக்காகவா, ஓய்வூதியத்துக்காகவா?

"அமெரிக்கர்களுக்காகப் பேசியதாகச் சொல்லப்படும் ஐசக் பாரே, கடைசியில் பெரிய ஓய்வூதியம் வாங்கிக்கொண்டவர்தானே? அவர் பேச்சை எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். பாரே 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. ஆனால் பென்சில்வேனியாவில் ஜான் வில்க்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் அரசியல்வாதி பெயரையும் இவர் பெயரையும் சேர்த்து வைத்த வில்க்ஸ்-பாரே ஊரில் ஆறு வருடம் குடியிருந்தவன்.

ஓய்வூதியம் உண்மைதான். 1782-இல் வருடத்துக்கு 3,200 பவுண்டு. அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை, கண்டனமும் பலமாக எழுந்தது. 1784-இல் பிரதமர் இளைய பிட் ஒரு கருவூலப் பதவியைக் கொடுத்து, அதற்கு ஈடாக ஓய்வூதியத்தை நிறுத்தினார். 1774-இல், தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தை மூடும் சட்டத்தைப் பாரே ஆதரித்தார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். யாராவது பின்னூட்டத்தில் வந்து சொல்லிக்காட்ட வேண்டாம்.

ஆனால் 1763-ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசைத் தாக்கி எழுதியதற்காக வில்க்ஸ் கைதான விவகாரத்தில் அரசை எதிர்த்ததற்காக, ராணுவத்தில் வகித்த அட்ஜுடன்ட் ஜெனரல் பதவியும் ஸ்டிர்லிங் கோட்டை ஆளுநர் பதவியும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. அவர் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. புராட்டஸ்டன்ட் என்பதால் பிரான்சில் இருக்க முடியாமல் டப்ளினுக்கு வந்து சேர்ந்த ஹியூகனாட் குடும்பம். பதவி போன பிறகும் 1765 பிப்ரவரியில், அமெரிக்கக் குடியேற்றங்களில் பத்திரம், செய்தித்தாள் போன்றவற்றுக்குப் பிரிட்டன் போடவிருந்த முத்திரை வரிக்கு எதிராக நாடாளுமன்றத்தில் எழுந்தார். அமெரிக்கக் குடியேறிகள் நாம் பார்த்துப் பார்த்து நட்ட பிள்ளைகள் என்றார் வரியை ஆதரித்த சார்லஸ் டவுன்ஷெண்ட். நீங்களா நட்டீர்கள், உங்கள் கொடுமைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் நட்டது என்று பாரே திருப்பிக் கொடுத்தார். அகதி வீட்டுப் பிள்ளை வாயில் அந்த வார்த்தை சும்மா வந்துவிடுமா? 'சுதந்திரத்தின் புதல்வர்கள்' என்று அமெரிக்கர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் அந்தப் பேச்சில் வந்ததுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பா. கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போனவர். ஒரு கோடையில் எங்களோடு வந்து தங்கினார். சாயங்காலம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சஸ்குவஹானா ஆற்றங்கரையில் நடப்பார். "யாருடா அந்தப் பாரே?" என்று ஒருநாள் கேட்டார். 1759-இல் கியூபெக் சண்டையில் கன்னத்தில் குண்டு பாய்ந்து ஒரு கண் போனவர் என்றேன்.

"மத்தது?"

"பின்னாடி அதுவும் போயிடுச்சுப்பா. ஆனா 1790 வரைக்கும் நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தார்."

அப்பா நின்றுவிட்டார். அப்புறம் நார்த் பிரபு கதையைச் சொன்னேன். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமர், சபையில் பாரேவுக்கு நேர் எதிரி, வயதான காலத்தில் அவருக்கும் பார்வை போயிற்று. இருவரும் எதிர்ப்பட்டபோது, "நாம் எவ்வளவோ மோதியிருக்கிறோம், ஆனாலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தால் நம்மைப் போல் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்க மாட்டார்கள்" என்று நார்த் சொன்னாராம். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வீடு வருவதற்குள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஓய்வூதியம் என்றதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. அப்பாவும் ஓய்வூதியர். உயிரோடு இருப்பதற்கு வருடாவருடம் சான்று தர வேண்டும். ஊரில் ஒரு அலுவலகத்தில், கைரேகை பதியவில்லை என்று கருவிழிக் கருவியை முகத்துக்கு நேரே நீட்டி, "நேரா பாருங்க பெரியவரே" என்று நாலு தடவை அதட்டினார்கள். பார்வை இல்லை என்று அம்மா சொல்லச் சொல்லத்தான். அது 34 வருடம் உழைத்த காசு.

பாரேவுக்குக் கிடைத்தது அரசியல் சலுகை, அப்பாவுடையது உரிமை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1763-இல் அரசுக்கு எதிராக வாக்குப் போட்டபோது, 1782-இல் தன் ஆட்கள் ஆட்சிக்கு வருவார்கள் என்று பாரேவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?