போன்லயே எல்லாம் கிடைக்கும்போது லைப்ரரி எதுக்கு?

புக் எடுக்க மட்டும்னா நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா நம்ம மதுரை நத்தம் ரோட்டுல 2023 ஜூலை 15 அன்னைக்கு திறந்தாங்கள்ல, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்க ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைக பாதிப் பேர் ஒத்த ரூம் வீட்டுல இருந்து வர்றவங்க, அவங்களுக்கு ஏசியும் மேசையும் சத்தமில்லாத இடமுமே பெரிய விசயம், அதோட கூடப் படிக்கிறவன்கிட்ட சந்தேகம் கேக்கலாம், நோட்ஸ் மாத்திக்கலாம், போன் இதைத் தருமா? குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, பார்வை இல்லாதவங்களுக்கு பிரெய்ல் புக்கும் இருக்கு. கதை சொல்ற நிகழ்ச்சி நடந்தா பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, கேட்டுட்டு வந்து வீட்டுல அப்பத்தாகிட்ட அதையே வேற மாதிரி அளந்துவிடும் பாருங்க! ரிட்டயர் ஆனவங்க பேப்பர் படிக்க வந்து அப்படியே வரலாறு, விவசாயம்னு புரட்ட ஆரம்பிச்சிருவாங்க. என்ன, ஊர்ப்பக்கக் கிளை நூலகத்துக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கினா நல்லாருக்கும், உசிலம்பட்டிக்காரர் தினமும் பஸ் ஏறியா வருவாரு?