எந்தக் கிலோவாட்டைப் பதிவு செய்வது?

வீட்டு சோலார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மாடியில் 545 வாட் பேனல் ஆறு போட்டிருக்கிறோம். இன்வெர்ட்டர் 3 கிலோவாட். கொட்டேஷனில் 3.27 கிலோவாட் என்று இருந்தது. மானியத்துக்குப் பதியும்போது பேனல் போட்டவர் 3 என்றுதான் போட வேண்டும் என்கிறார். மிச்சம் 0.27-க்குக் கொடுத்த பணம் போச்சா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: போகவில்லை அம்மா. அவர் சொல்வது சரிதான். 545-ஐ ஆறால் பெருக்கினால் 3,270 வாட். அது பேனல்களின் கூட்டுத்திறன். 3 கிலோவாட் என்பது இன்வெர்ட்டர் உங்கள் வீட்டு லைனுக்குத் தரக்கூடிய அளவு. மத்திய அரசின் கூரை சோலார் மானியத் திட்டமான பி.எம். சூர்யா கரில் இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் மானியம் கணக்கிடுகிறார்கள். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் வீட்டுக்கு அதுதான் உச்சவரம்பு. 3.27 என்றே பதிந்திருந்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் கூடியிருக்காது.

அந்த 0.27 உங்களுக்கு வேறு வழியில் வேலை செய்கிறது. நம் ஊர் வெயிலில் பேனல் தன் முழுத்திறனைத் தருவது அபூர்வம். இன்வெர்ட்டரைவிடப் பேனல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் காலையிலும் மாலையிலும் சில யூனிட் சேர்ந்து வரும். நல்ல வேலை தெரிந்தவர்கள் இப்படித்தான் போடுவார்கள்.

எனக்குக் கவலையெல்லாம் இதற்கு நேர்மாறான வீடுகளைப் பற்றித்தான். 540 வாட் பேனல் நான்கு, அதனுடன் 3 கிலோவாட் இன்வெர்ட்டர். பில்லில் '3 கிலோவாட் சிஸ்டம்' என்று இருக்கும். உண்மையில் அங்கே இருப்பது 2.16 கிலோவாட். மானியம் 60,000-உடன் மிச்சமுள்ள 0.16-க்கு 2,880, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நஷ்டம் யூனிட்டில். நம் பக்கம் கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால், 12 யூனிட் எதிர்பார்த்த வீட்டில் எட்டரைதான் வரும். இன்வெர்ட்டர் தானாக மின்சாரம் உண்டாக்காது. பேனல் கொடுப்பதை மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. எனவே கையெழுத்துப் போடும் முன், ஒரு பேனல் எத்தனை வாட், மொத்தம் எத்தனை பேனல், இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட் என்று மூன்றையும் தனித்தனியாகக் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: 3 கிலோவாட் பதிந்திருக்கிறோம். ஏப்ரல் மாத உச்சி வெயிலிலும் செல்போன் ஆப்பில் 2.5-ஐத் தாண்டவில்லை. ஜனவரியில் இதைவிட அதிகம் காட்டியது. பேனல் கெட்டுவிட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. பேனலில் எழுதியிருக்கும் வாட், சோதனைக்கூடத்தில் அளந்தது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ வேண்டும், பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்க வேண்டும். இதுதான் உலகம் முழுவதும் வைத்திருக்கும் நிபந்தனை. மதுரையில் ஏப்ரல் மாதம் மதியம் 12 மணிக்குக் கான்கிரீட் தளத்தின் மேல் 25 டிகிரிக்கு எங்கே போவது? செல் 65 டிகிரி வரை போகும்.

சூடு ஏற ஏற பேனலின் திறன் இறங்கும். மோனோ பெர்க் என்ற பேனல் வகையில், டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம். 25-க்கு மேல் 40 டிகிரி என்றால் 14 சதவீதம் காலி. முதல் கேள்வியில் பார்த்த 545 வாட் பேனலையே எடுத்துக்கொண்டால், அப்போது அது 469 வாட்தான் தரும். ஆறு பேனலுக்கு 2.8 கிலோவாட். தூசி, ஒயர், இன்வெர்ட்டர் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது போக, ஆப்பில் 2.5 தெரிவது நியாயமான எண். ஜனவரியில் வானம் தெளிவாக இருந்து காற்றும் குளிர்ந்திருந்தால் அதே பேனல் நன்றாக ஏறும். நீங்கள் கவனித்ததும் அதைத்தான்.

உச்ச கிலோவாட்டைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். மாத யூனிட்டைப் பாருங்கள். மழை, மேகம் இல்லாத மாதத்தில் 300 யூனிட்டுக்குக் கீழே போனால் முதலில் பேனலைக் கழுவுங்கள் (காலை வெயில் ஏறும் முன், சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்). அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னையின் நிழலோ விழுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் ஸ்டிக்கரில் 3000 வாட், 3300 வி.ஏ., 4500 வாட் என்று மூன்று எண். பேனலிலும் இரண்டு விதமான வாட். எதை எழுதுவது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இன்வெர்ட்டரில் 'ரேட்டட் ஏ.சி. அவுட்புட்' என்பதற்கு எதிரே உள்ள 3000 வாட்டை எடுங்கள். 4500 என்பது அதிகபட்சம் எவ்வளவு பேனல் இணைக்கலாம் என்பது. வி.ஏ. என்பது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல; அந்த 3300-ஐப் பதிவில் கிலோவாட்டாகப் போடக் கூடாது.

உங்கள் பேனல் இரண்டு பக்கமும் ஒளி வாங்கும் 'பைஃபேஷியல்' வகை. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியையும் சேர்த்தால் இவ்வளவு வரலாம் என்று இரண்டாவதாகப் பெரிய எண் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். தளத்தோடு ஒட்டிப் பொருத்தும் வீட்டில் அதை நம்ப வேண்டாம். சோதனை நிபந்தனையில் முன்பக்கத்துக்கு மட்டும் தந்திருக்கும் 'பி மேக்ஸ்' (அதிகபட்சத் திறன்) எண்தான் பதிவுக்கு.

நான் வேலை செய்யும் வீடுகளில், பேனலைக் கம்பியில் ஏற்றும் முன் அதைக் கவிழ்த்து வைத்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றின் பின்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுக்கச் சொல்வேன். வாட்டும் சீரியல் எண்ணும் அதில் இருக்கும். ஏற்றிய பிறகு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். பதிவில் கொடுத்த சீரியல் எண்ணும் மேலே இருக்கும் பேனலும் ஒத்துப்போகாவிட்டால் மானியம் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட். 3 கிலோவாட் சோலார் போட முடியுமா? (ராஜபாளையம் வாசகி)

பதில்: முடியும். 2024-இல் திருத்திய மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரை சோலார் விண்ணப்பம் முழுமையாக இருந்தால், தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே ஏற்றதாகக் கருத வேண்டும். தேவையான மின்பளு உயர்வையும் மின் விநியோக நிறுவனமே செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண்ணும் பெயரும் மின் கட்டண அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். இணைப்பு இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுச் சோலார் விண்ணப்பத்துக்குப் போங்கள்.