மூன்று முறை பிரதமரான டெர்பி பிரபு ஏன் மறக்கப்பட்டார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று முறை பிரிட்டனின் பிரதமராக இருந்த 14ஆம் டெர்பி பிரபுவைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படித்த நாட்களில், 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா மகாராணியின் பேரறிக்கையை அலகாபாத்தில் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு வாசித்தார் என்று நான் மனப்பாடம் செய்திருந்தேன். அதை எழுதியவர் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. பல ஆண்டுகள் கழித்தே, முதல் வரைவு பிடிக்காத மகாராணி, பிரதமரே தம் கைப்பட அதை எழுத வேண்டும் என்று டெர்பிக்குக் கடிதம் அனுப்பியதை அறிந்தேன். குருதி சிந்திய போருக்குப் பின் பத்துக் கோடிக்கும் மேலான கிழக்கத்திய மக்களிடம் ஒரு பெண்ணரசி பேசுகிறாள் என்பதை நினைவில் வைத்து, தாராள மனமும் சமயப் பொறையும் தோன்ற எழுதும்படி அதில் அவர் கேட்டிருந்தார். கம்பெனி ஆட்சியை முடித்த சட்டமும் அதே ஆண்டு டெர்பியின் அரசு நிறைவேற்றியதுதான். இந்தியாவுக்கான முதலாவது பிரிட்டிஷ் அமைச்சர் அவருடைய மூத்த மகன்.

எட்வர்ட் ஸ்டான்லி என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1799 மார்ச் 29 அன்று லங்காஷயரில் உள்ள நோஸ்லி மாளிகையில் பிறந்தார். 1485இல் போஸ்வர்த் போர்க்களத்தில் ஏழாம் ஹென்றியின் பக்கம் நின்றதற்குப் பரிசாக அக்குடும்பத்துக்குக் கிடைத்த பட்டம் டெர்பி. லிவர்பூலைச் சுற்றிய ஊர்கள் தொழில் நகரங்களாக வளர வளர அவர்களுடைய நிலத்தின் வருமானமும் பெருகிக்கொண்டே போனது. பதவியால் வரும் சம்பளமோ செல்வாக்கோ இன்றியும் அவரால் வாழ முடிந்தது என்பதே அவருடைய அரசியலைத் திறக்கும் சாவி என்று நான் நினைக்கிறேன். அவருடைய துணிவுக்கும் அதுவே காரணம், தவறுகளுக்கும் அதுவே காரணம்.

1822இல், பணம் கொடுத்தால் கைக்கு வரும் ஸ்டாக்பிரிட்ஜ் தொகுதியின் வழியாக சீர்திருத்தத்தை ஆதரித்த விக் கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் நுழைந்தார். 1830இல், அக்காலத்துக்கு மிகப் பரந்த வாக்குரிமை இருந்த பிரெஸ்டனில், தீவிரச் சீர்திருத்தம் கோரிய பேச்சாளர் ஹென்றி ஹன்ட்டிடம் தோற்றார். அந்த ஆண்டே அயர்லாந்தின் தலைமைச் செயலராகி, 1831இல் அங்கே அரசு நிதியில் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான தொடக்கக் கல்விக்கு வழி செய்தார். அதே கையால் அடக்குமுறைச் சட்டங்களையும் கொண்டுவந்ததால் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓகானல் அவரைத் 'தேள் ஸ்டான்லி' என்றார்.

குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக 1833இல் அவர் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம்மையும் தொட்டது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அது பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் விடுதலைக்குப் பின்னும் பழைய எசமானரிடமே 'பயிற்சியாளர்' என்ற பெயரில் கூலியின்றி உழைக்க வேண்டும். ஸ்டான்லி முதலில் கேட்டது 12 ஆண்டுகள். எதிர்ப்பு கிளம்பியதால் வயல் வேலை செய்பவர்களுக்கு அது 6 ஆகக் குறைந்தது. 1838இல் அந்த முறையே கைவிடப்பட்டது. கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் விட்ட இடத்தை நிரப்ப மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் சென்னை மாகாணத்துத் தமிழர்களும் இருந்தார்கள். லண்டனில் கொண்டாடப்பட்ட விடுதலைக்கு அதுவும் ஒரு தொடர்ச்சி.

அடுத்த ஆண்டே, அயர்லாந்துத் திருச்சபையின் வருமானத்தை வேறு பணிகளுக்குத் திருப்புவதை ஏற்க முடியாது என்று அமைச்சரவையிலிருந்து விலகினார். பிறகு பிரதமர் ராபர்ட் பீலின் டோரி (கன்சர்வேடிவ்) அரசில் சேர்ந்து, 1845இல் இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களை நீக்க பீல் முடிவெடுத்ததும் அங்கிருந்தும் விலகினார். இரண்டு கட்சி, இரண்டு விலகல். மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் அரசியல்வாதி இப்படி எழுந்து போயிருப்பாரா என்பது ஐயமே.

அதன்பின் 1846 முதல் 1868 வரை 22 ஆண்டுகள் கன்சர்வேடிவ் கட்சியை நடத்தினார். 1852, 1858-59, 1866-68 என மூன்று முறை ஆட்சி அமைத்தும், ஒரு முறைகூட மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மூன்றையும் கூட்டினால் நான்கு ஆண்டுகள்கூடத் தேறாது. 1852இல் புதிய அமைச்சர்களின் பெயர்களைக் கேட்ட வெலிங்டன் பிரபு, காது மந்தமாதலால் 'யார்? யார்?' என்று கேட்டுக்கொண்டே இருக்க, அந்த அரசுக்கே அது பெயராயிற்று. 1855இல் கிரைமியப் போரின் நடுவே அபர்டீன் அரசு கவிழ்ந்தபோது மகாராணி அழைத்தும், எதிரணியின் செல்வாக்கு மிக்க தலைவர் பால்மர்ஸ்டன் சேர மறுத்ததால் டெர்பி விலகிக்கொண்டார். காமன்ஸ் சபையில் கட்சியை வழிநடத்திய டிஸ்ரேலி கொதித்துப்போனார், பால்மர்ஸ்டன் பிரதமரானார். காத்திருந்தால் காலம் கனியும் என்ற கணக்கு அது என்று சிலர் வாதிடுவார்கள். பசியில்லாதவன் பந்திக்கு முந்தாத கதையாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் அவரைச் சோம்பேறி என்று ஒதுக்குவது சரியன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கி உழைத்தார். ஹோமரின் இலியட் காவியத்தைத் தாமே மொழிபெயர்த்து 1864இல் வெளியிட்டார். 1867இல் அவருடைய அரசு கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் தொகையை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. அதை இருட்டில் பாய்வது என்று பிரபுக்கள் சபையில் அவரே ஒப்புக்கொண்டார். விலைக்கு வாங்கும் தொகுதியில் தொடங்கியவர் செய்த வேலை இது. எனினும் காமன்ஸ் சபையில் மசோதாவை நகர்த்தியவர் டிஸ்ரேலி என்பதால் புகழும் அவரையே சேர்ந்தது. கீல்வாதம் முற்றி 1868 பிப்ரவரியில் விலகிய டெர்பி, 1869 அக்டோபர் 23 அன்று நோஸ்லியில் இறந்தார்.

இன்று டெர்பி என்றால் உலகுக்கு நினைவு வருவது அவருடைய தாத்தா 1780இல் தொடங்கிய குதிரைப் பந்தயம். ஸ்டான்லி என்றால், கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த அவருடைய இளைய மகன் அளித்த ஐஸ் ஹாக்கிக் கோப்பை. இவருக்கென்று இருப்பது ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகர். அந்த ஸ்டான்லி யாரென்று கேட்பவர் அரிது.