அரிப்புக்குக் களிம்பு வாங்குவதற்கு முன்

கேள்வி: மூன்று மாதங்களாகத் தொடை இடுக்கிலும் விதைப்பைத் தோலிலும் அரிப்பு இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் நான்கைந்து நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிட அகலமாகப் படர்கிறது. இதைவிட வீரியமான களிம்பு எது? ஆண்களுக்கென்று இணையத்தில் விற்கும் வாஷ் பயன்படுமா?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் கையிலுள்ள களிம்பின் அட்டையில் சேர்மானங்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், பூஞ்சைக் கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்த மருந்தை நீங்கள் தடவி வந்திருக்கிறீர்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கிவிடுவதால் நோய் குணமாவதுபோலத் தோன்றும்; ஆனால் அது அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலையும் குறைப்பதால், படர்தாமரையாக இருந்தால் பூஞ்சை தடையின்றிப் பரவும். விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிட ஏறத்தாழ 40 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சக்கூடியது என்பதால், அங்கே தோல் மெலிவதும் எரிவதும் விரைவில் நேரும். இந்தியாவில் இப்போது பரவலாக உள்ள டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சை டெர்பினாஃபின் என்ற வழக்கமான பூஞ்சைக் கொல்லிக்கே பல நேரங்களில் அடங்குவதில்லை. ஆகவே கடைக்காரரிடம் இன்னொரு டியூப் கேட்பது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

மத்திய அரசு 2018இல் 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத எச் பட்டியலில் சேர்த்தது. எச்சரிக்கை வாசகம் அச்சிட்ட மருந்தைச் சீட்டில்லாமல் கொடுத்தால், ரசீதோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். ரசீது கேட்டு வாங்கும் பழக்கம் இதற்காகவே அவசியம்.

வாஷைப் பொறுத்தவரை, வெந்நீரோ வாசனைச் சோப்போ கிருமிநாசினித் திரவமோ இல்லாமல் சாதாரண நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை அணிவதே போதும். கிருமிநாசினியை நீரில் கலந்து கழுவுவோர் நம்மிடையே நிறையப் பேர். அந்தத் திரவமே ஒவ்வாமையையும் எரிச்சலையும் உண்டாக்குவது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று மாதம் நீடித்ததே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும். முன்தோலில் வெண்படலமும் வெடிப்பும் திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். டாபாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளாலும் இந்தத் தொற்று வரக்கூடும் என்பதால் மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புண், சீழ், சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஆறாத கட்டி, வெளிறி இறுகும் தோல் ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. பின்னே தள்ளிய முன்தோல் முன்னே வராமல் வீங்கினால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கூச்சத்தால்தான் பெரும்பாலான ஆண்கள் கடையோடு நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் கட்டணமின்றி இயங்குகின்றன. செல்லும்போது இதுவரை தடவிய களிம்புகளின் அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள்; ஸ்டீராய்டு பட்ட படை உருமாறித் தெரியும் என்பதால், தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கலாமா என்று மருத்துவர் முடிவெடுக்க அவை உதவும்.